படச்சுருளில் பதிந்த பூஜ்யமும் ஒன்றும்

சினிமா விநியோகஸ்தர்களிடம் தனியாக ஒரு வரைபடம் உண்டு. செங்கல்பட்டு, கோவை, மதுரை-ராமநாதபுரம், திருச்சி-தஞ்சை, சேலம் என்று தமிழ்நாட்டை ‘ஏரியா’க்களாகக் கூறுபோட்டு வைத்திருப்பார்கள். தருமபுரி மாவட்டம் 1965 அக்டோபர் 2 அன்றே சேலத்திலிருந்து பிரிந்து தனியாகிவிட்டது. சினிமாக் கணக்கில் மட்டும் அது சேலம் ஏரியாதான். படச்சுருள் ஓடிய காலத்தில் பெட்டி சேலத்திலிருந்து கிளம்பி, தொப்பூர் கணவாய் ஏறி வந்தாக வேண்டும். வெள்ளிக்கிழமை காலையில் தகரப் பெட்டி வந்து இறங்கும்வரை தியேட்டர்காரருக்கு உயிர் இருக்காது. தருமபுரி டவுனில் ஓடி, அரூர், பாலக்கோடு, பென்னாகரம் என்று சுற்றி, கடைசியில் ஏதாவதொரு டூரிங் கொட்டகைக்கு அந்தப் படம் வந்து சேரும்போது திரையில் ‘மழை’ கொட்டிக்கொண்டிருக்கும். பிலிமில் விழுந்த கீறல்களுக்கு ரசிகர்கள் வைத்த பெயர் அது.

1990-களின் பிற்பகுதியில் சில பெட்டிகளில் ரீல்களோடு புதிதாக ஒன்றும் சேர்ந்து வந்தது: இரண்டு மூன்று சி.டி.கள். தியேட்டர் வாசலில் ‘டி.டி.எஸ்.’ என்று ஆளுயர எழுத்தில் பெயின்ட் அடித்தார்கள். போஸ்டரில் கதாநாயகன் பெயருக்கு நிகராக அந்த மூன்றெழுத்தும் இடம்பிடித்தது. அதன் விரிவு என்னவென்று கேட்டால் பலருக்குத் தெரியாது. சத்தம் நாலாபக்கமும் இருந்து வரும், அவ்வளவுதான்.

கம்ப்யூட்டர் என்றால் ஏ.சி. அறையில் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்ப் பார்க்கும் பொருளாக இருந்த நேரம் அது. அப்போதே இந்த மாவட்டத்து மக்கள், பிலிமில் புள்ளிகளாகப் பதிந்த டிஜிட்டல் தகவலை விளக்கு வெளிச்சத்தால் படித்து வெளிவந்த ஒலியை, முறுக்கு கடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்கள். இன்று வட துருவத்துக்குப் பக்கத்தில் ஒரு சுரங்கத்தில், உலகத்தின் மென்பொருளையெல்லாம் பிலிம் சுருளில் பதித்துப் பூட்டிவைக்கிறார்கள் என்பது பெரிய அதிசயமாகப் பேசப்படுகிறது. பழைய ஆபரேட்டர் ஒருவருக்கு இதில் அதிசயிக்க அதிகம் இல்லை. ஆனால் அந்தச் சுரங்கத்தில் செய்திருக்கும் ஒரு காரியத்தை நாம் செய்யத் தவறினோம். இந்தக் கட்டுரை அதைப் பற்றியதுதான்.

ஒரு முழம் பிலிம்

ஒரு முழம் 35 எம்.எம். பிரிண்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இரண்டு ஓரங்களிலும் வரிசையாகத் துளைகள், ஃபிரேமுக்கு நான்கு வீதம். ஒரு பக்கத்துத் துளைகளுக்கும் படத்துக்கும் நடுவே நீளவாக்கில் ஒரு ஒல்லியான பட்டை. அதில் வெள்ளைக் கோடுகள் நெளிந்து நெளிந்து ஓடும். பேசும்படக் காலம் முதல் இருக்கும் ஒலித்தடம் அது. நெளிவு அகலமானால் அதன் வழியே வெளிச்சம் அதிகம் போகும், குறுகினால் குறையும். புரொஜெக்டரின் சவுண்ட் ஹெட்டில் உள்ள சின்ன விளக்கு ஒரு மெல்லிய பிளவு வழியாக அந்தத் தடத்தின் மேல் ஒளியைப் பாய்ச்ச, மறுபக்கம் இருக்கும் ஒளிமின் கலம் அந்த ஏற்ற இறக்கத்தை மின்சாரமாக்கும். பாகவதர் பாடியதும் கலைஞர் வசனமும் நம் காதுக்கு இந்த வழியாகத்தான் வந்தன.

இன்னும் உற்றுப் பார்த்தால், அந்த நெளிவுக்கும் படத்துக்கும் இடையில் மிச்சமிருக்கும் துளி இடத்தில் தந்திக் குறிபோலப் புள்ளியும் கோடுமாக ஒரு வரிசை தெரியும். அது டி.டி.எஸ். குறியீடு. துளைக்கும் துளைக்கும் நடுவே சாம்பல் பூத்த சதுரங்கள் இருந்தால் அது டால்பி டிஜிட்டல். பிலிமின் இரு விளிம்புகளிலும் நீலப்பச்சைப் பட்டை ஓடினால் அது சோனியின் எஸ்.டி.டி.எஸ். ஒரே பிரிண்டில் நான்கையும் பதித்த படங்கள் உண்டு. இரண்டு விரல் அகலமே உள்ள பிலிமில் படத்தையும் வைத்து, நான்கு விதமான ஒலியையும் நெருக்கியடித்து வைத்த அந்தச் சிக்கனத்தை நினைத்தால் இன்றும் மலைப்பாக இருக்கிறது.

டி.டி.எஸ். முறையில் ஒலி பிலிமில் இல்லை. 24 பிட் நீளமுள்ள அந்தக் குறியீடு மூன்று விஷயங்களைத்தான் சொல்லும்: இது எந்தப் படம், எத்தனையாவது ரீல், எத்தனையாவது ஃபிரேம். புரொஜெக்டரில் பொருத்திய ஒரு ரீடர், ஒளியைப் பாய்ச்சி அதைப் படித்து கேபினில் இருக்கும் கணினிக்குச் சொல்ல, அது சி.டி.யில் அந்த இடத்து ஒலியைத் தேடி எடுத்து வாசிக்கும். சின்ன ஊர்களுக்கு இது எவ்வளவு தோதான ஏற்பாடு என்பது பெட்டி சுற்றி வந்த பாதையை நினைத்தால் புரியும். மூன்றாவது நான்காவது ஊருக்கு வரும் பிரிண்டில் ஒட்டுகள் இருக்கும். அறுந்த இடத்தில் பத்து ஃபிரேமை வெட்டி எறிந்துவிட்டு ஆபரேட்டர் ஒட்டியிருப்பார். படம் அந்த இடத்தில் துள்ளும், குறியீடும் துள்ளும், கணினி அதைப் பார்த்துவிட்டு ஒலியையும் அதே அளவு தாண்டச் செய்யும். உதடு ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம் என்று ஆகாது.

குறியீடே படிக்க முடியாத அளவுக்குப் பிலிம் தேய்ந்திருந்தால்? சில நொடிகள் சி.டி. தன் போக்கில் ஓடும். அதற்குள் குறியீடு மறுபடி கிடைக்காவிட்டால் இயந்திரம் தானாகப் பழைய நெளிவுத் தடத்துக்கு மாறிக்கொள்ளும். அரங்கம் முழுவதும் சுழன்றுகொண்டிருந்த சத்தம் திடீரென்று சுருங்கித் திரைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். ‘டேய், சவுண்டு!’ என்று பெஞ்ச் டிக்கெட்டிலிருந்து எழும் குரல் அந்த நிமிடத்துக்கானது. பாவம், ஆபரேட்டர் எதையும் தொட்டிருக்க மாட்டார்.

தமிழுக்கு இது வந்த கதை சுருக்கமானது. 1993-இல் ‘ஜுராசிக் பார்க்’ படத்தோடு டி.டி.எஸ். உலகத்துக்கு அறிமுகமானது. 1995-இல் ‘குருதிப்புனல்’ டால்பி ஸ்டீரியோ சரவுண்ட் ஒலியோடு வந்தது; அது டிஜிட்டல் அல்ல, ஆனாலும் தியேட்டர்காரர்களை ஸ்பீக்கர் வாங்க வைத்தது. அடுத்த ஆண்டு, 1996-இல், ‘கருப்பு ரோஜா’ தமிழின் முதல் டி.டி.எஸ். படமாக வந்தது. ஜெயேந்திராவும் செந்தில்குமாரும் 1986-இல் சென்னையில் தொடங்கிய ரியல் இமேஜ் நிறுவனம்தான் அந்தத் தொழில்நுட்பத்தை இங்கே கொண்டுவந்தது. அதே நிறுவனம் பின்னாளில் ‘கியூப்’ என்ற பெயரில் பிலிம் சுருளையே வீட்டுக்கு அனுப்பியது என்பது வேறு கதை, அல்லது இதே கதையின் இரண்டாம் பாகம்.

டீக்கடைச் சதுரம்

டால்பி டிஜிட்டல் பிலிமின் மேலேயே தகவலை முழுசாக வைத்தது. 1992-இல் ‘பேட்மேன் ரிட்டர்ன்ஸ்’ படத்தில் வெளிவந்தது. இரண்டு துளைகளுக்கு நடுவே வீணாகக் கிடந்த இடத்தில், பக்கத்துக்கு 76 புள்ளிகள் கொண்ட ஒரு சதுரம். கருப்பு அல்லது வெளுப்பு, இரண்டே நிலை. நடுவில் குட்டியாக டால்பியின் இரட்டை ‘டி’ முத்திரை. ஒரு புள்ளியின் அகலம் தலைமுடியின் தடிமனில் பாதிகூட இல்லை. நொடிக்கு 24 ஃபிரேம், ஃபிரேமுக்கு 4 சதுரம், ஆக நொடிக்கு 96 சதுரங்கள். இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படத்துக்குக் கணக்குப் போட்டால், நாலு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான பிலிமில் கிட்டத்தட்ட 500 கோடிப் புள்ளிகள். ஒரு சி.டி. கொள்ளும் தகவலுக்கு அருகில் வரும்.

இத்தனை புள்ளிகளும் ஒலிக்காக அல்ல. ஒலிக்கு நொடிக்கு 320 கிலோபிட் போதும். சதுரங்களில் இருக்கும் இடமோ நொடிக்கு 554 கிலோபிட்டுக்குப் பக்கம். மீதியெல்லாம் பெரும்பாலும் பிழை திருத்தத்துக்கு. பிலிம் என்றால் தூசு படியும், எண்ணெய் ஒட்டும், கீறும் என்று தெரிந்தே செய்த ஏற்பாடு. பத்து புள்ளி அழிந்தாலும் மற்ற புள்ளிகளை வைத்துக் கணக்குப் போட்டு அழிந்தது எது என்று கண்டுபிடித்துவிட முடியும். 1960-இல் இர்விங் ரீட், குஸ்டாவ் சாலமன் என்ற இரு கணிதக்காரர்கள் எழுதிய ஒரு சின்னக் கட்டுரையிலிருந்து கிளைத்த வித்தை இந்த வகைக் கணக்கு. சி.டி.க்கும் அதுதான் காப்பு.

பாலக்கோடு டீக்கடையில் கண்ணாடி பிஸ்கட் ஜாடிமேல் ஒட்டியிருக்கும் கியூ.ஆர். சதுரத்துக்கும் அதே காப்புதான். ஒரு மூலை கிழிந்து, டீக்கறை படிந்து, வெயிலில் வெளுத்திருந்தாலும் போனைக் காட்டியதும் பத்து ரூபாய் போய்ச் சேர்ந்துவிடுகிறது அல்லவா? ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனம் கியூ.ஆர். குறியீட்டை உருவாக்கியது 1994-இல். துளைகளுக்கு இடையே டால்பி சதுரம் ஓடத் தொடங்கி அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. இன்று நம் கண்ணுக்குப் பழகிப்போன இந்தப் பொடிப்புள்ளிச் சதுரத்தின் அண்ணன் தியேட்டர் கேபினில் இருந்திருக்கிறான்.

டால்பிக்கும் முன்னால் ஒரு முயற்சி நடந்து தோற்றது. 1990-இல் ‘டிக் டிரேசி’ படத்துக்காகக் கோடாக்கும் ஆப்டிகல் ரேடியேஷன் என்ற நிறுவனமும் சேர்ந்து கொண்டுவந்த சினிமா டிஜிட்டல் சவுண்ட். தரத்தில் குறையில்லை. ஆனால் இடம் வேண்டும் என்பதற்காகப் பழைய நெளிவுத் தடத்தைத் தூக்கிவிட்டு, அந்த இடத்தில் டிஜிட்டலை வைத்தார்கள். டிஜிட்டல் மக்கர் செய்தால் அரங்கில் மயான அமைதி. தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லை. டிஜிட்டல் வசதி இல்லாத தியேட்டரில் அந்தப் பிரிண்டை ஓட்டவும் முடியாது. இரண்டு மூன்று வருடத்தில் கடையைக் கட்டினார்கள். பின்னால் வந்த மூன்று நிறுவனங்களும் நெளிவுத் தடத்தைத் தொடாமல் ஒதுங்கி உட்கார்ந்ததற்கு இந்தப் பாடம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

இதற்கெல்லாம் மூத்தது சினிமாவுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு இயந்திரம். 1967-இல் ஐ.பி.எம். நிறுவனம் அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வுக்கூடத்துக்குச் செய்து கொடுத்த ஐ.பி.எம். 1360. அணு ஆயுத ஆராய்ச்சியின் கணக்குகளைச் சேர்த்துவைக்க, 35-க்கு 70 மில்லிமீட்டர் பிலிம் வில்லைகளில் எலக்ட்ரான் கற்றையால் புள்ளி குத்தினார்கள். குத்திய வில்லையை இயந்திரத்துக்குள்ளேயே கழுவி, உலர்த்தி, 32 வில்லைகளாக ஒரு சின்னப் பெட்டியில் அடுக்கிவிடும். கேட்டால், காற்றழுத்தக் குழாய் வழியாகப் பெட்டி பறந்து வரும். ஒரு லட்சம் கோடி பிட் கொள்ளும் சேமிப்பு உலகில் அப்போது வேறெங்கும் இல்லை. பல அலமாரிகளும் ரசாயனத் தொட்டியும் சேர்ந்து சேமித்த அந்த அளவு, இன்று சட்டைப் பையில் இருக்கும் 128 ஜி.பி. மெமரி கார்டில் அடங்கிவிடும். 1980-இல் லிவர்மோரில் அதற்கு ஓய்வு கொடுத்தார்கள். காந்த நாடாவும் டிஸ்கும் மலிவாகிவிட்டன. பிலிமில் தகவல் என்ற யோசனை அங்கே படுத்துவிட்டது.

டிஸ்க் தொலைந்த பிரிண்டுகள்

நம் பக்கமும் முடிவு வந்தது. 2005 வாக்கில் கியூப் போன்ற டிஜிட்டல் முறைகள் வந்தன. ஏழெட்டு வருடத்தில் பெட்டி, ரீல், ஒட்டு, மழை எல்லாம் ஓய்ந்தன. சென்னை லேப்கள் ஒவ்வொன்றாக மூடின. ஓடி முடித்த பிரிண்டுகளை யாரும் பூட்டிவைக்கவில்லை. கறுப்பு வெள்ளைக் காலத்திலேயே பழைய பிரிண்டுகளைக் கழுவி வெள்ளி எடுத்துப் பழகிய தொழில் இது. 1931-இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படம் ‘காளிதாஸ்’ இன்று பார்க்கக் கிடைப்பதில்லை. நைட்ரேட் பிலிம் தானே தீப்பிடிக்கும். அதற்கடுத்து வந்த அசிட்டேட் பிலிம் வெப்பத்திலும் ஈரத்திலும் அழுகிக் காடி வாடை அடிக்கும். கலர் பிரிண்டுகளின் சாயம் வெளுத்து, பச்சையும் நீலமும் போய், எம்.ஜி.ஆர். முழுக்கச் சிவப்பாக நிற்பார்.

இதில் டி.டி.எஸ். பிரிண்டின் நிலைமை இன்னும் விசித்திரம். பிலிம் பிழைத்திருக்கலாம். அதன் ஓரத்துப் புள்ளிகளும் பளிச்சென்று இருக்கலாம். எந்தப் படம், எத்தனையாவது ரீல், எத்தனையாவது ஃபிரேம் என்று அது இன்னமும் சரியாகச் சொல்லும். சொல்லி என்ன செய்ய? சி.டி. தனியாகப் போய் எங்கோ தொலைந்துவிட்டது. இருந்தாலும் அதைப் படிக்கும் பெட்டி பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது. தகவல் ஒரு இடத்தில், அதற்கான முகவரி வேறொரு இடத்தில் என்று பிரித்து வைத்ததன் விலை இது. அதே பிரிண்டில் பக்கத்திலேயே ஓடும் நெளிவுத் தடம் மட்டும், ஒரு விளக்கும் ஒரு ஒளிமின் கலமும் கிடைத்தால் இன்றைக்கும் பேசிவிடும்.

பிலிமின் பலம் இங்கேதான் இருக்கிறது. படிப்பதற்கு அதற்கு வெளிச்சமும் லென்ஸும் போதும். ஃபியூஸ் போன பல்பின் அடியைத் தட்டி உள்ளிருப்பதை எடுத்துவிட்டு, தண்ணீர் ஊற்றி, தியேட்டருக்குப் பின்னால் பொறுக்கிய ஒரு துண்டுப் பிலிமை அதன் முன்னால் பிடித்து, கண்ணாடியில் வெயிலைத் திருப்பி அடித்து, அப்பாவின் வேட்டியில் ரஜினியைத் தலைகீழாகப் பார்த்த தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்தப் பொடியன்களிடம் புரொஜெக்டரும் இல்லை, கரன்டும் இல்லை. 2005-இல் எடுத்த கல்யாண வீடியோ சி.டி.யை இன்று அதேபோல வெயிலில் காட்டிப் பாருங்கள், வானவில்தான் தெரியும். தருமபுரி ஸ்டுடியோக்களில் 1980-களின் நெகட்டிவ் கவர்கள் கிடந்தால் இன்றும் பிரிண்ட் போட்டுத் தந்துவிடலாம். இருபது வருடத்துக்கு முந்தைய ஹார்ட் டிஸ்கைக் கொண்டுபோனால் கடைக்காரர் உதட்டைப் பிதுக்குவார்.

பனிக்குள் 186 சுருள்

நார்வே நாட்டின் டிராம்மன் நகரத்தில் இருக்கும் பிக்ல் நிறுவனத்தின் வேரும் சினிமாவில்தான். டிஜிட்டலாக எடுத்த படத்தைப் பிலிமில் ஏற்றும் கருவிகள் செய்தவர்கள். தியேட்டர்கள் பிலிமைக் கைவிட்டதும், அதே கருவியை வைத்துக் கணினிக் கோப்புகளைப் பிலிமில் ஏற்றலாமே என்று திரும்பினார்கள். 2017 மார்ச் 27 அன்று ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில், மூடப்பட்ட நிலக்கரிச் சுரங்கம் எண் 3-இல் ‘ஆர்க்டிக் உலக ஆவணக் காப்பகம்’ திறந்தது. பிரேசில், மெக்சிகோ நாடுகளின் தேசிய ஆவணக் காப்பகங்கள் முதலில் போய் வைத்தன. அங்கேதான் 2008-இல் திறந்த உலக விதைக் களஞ்சியமும் இருக்கிறது. ஹைதராபாத்துக்குப் பக்கத்தில் உள்ள இக்ரிசாட் நிறுவனம் சோளம், கம்பு உள்ளிட்ட தானிய விதைகளை அங்கே அனுப்பிவைத்திருக்கிறது. தருமபுரி மேட்டு நிலத்துக்குப் பழக்கமான பயிர்கள் நம் சினிமாவுக்கு முன்பே துருவம் பார்த்துவிட்டன.

2020 பிப்ரவரி 2 அன்று கிட்ஹப் தளத்தில் இருந்த, பொதுவில் திறந்துவைத்த, உயிர்ப்போடு இருந்த மென்பொருள்களையெல்லாம் ஒரு படி எடுத்தார்கள். மொத்தம் 21 டி.பி. அது 186 பிலிம் சுருள்களில் ஏறி, அந்த வருடம் ஜூலை 8 அன்று சுரங்கத்துக்குள் போனது. ஒரு சுருள் 3,500 அடி, நம் பழைய ரீலைப்போல மூன்றரை மடங்கு. ஒவ்வொரு ஃபிரேமிலும் 88 லட்சம் புள்ளிகள். சுருளுக்குச் சுமார் 120 ஜி.பி. பெங்களூருக்கும் ஓசூருக்கும் பஸ் ஏறிப் போய் மென்பொருள் எழுதும் தருமபுரிப் பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்களில் யாராவது அப்போது உயிர்ப்போடு இருந்த ஒரு திறந்த மென்பொருளில் நாலு வரி சேர்த்திருந்தால், அந்த நாலு வரியும் இப்போது பனிக்கட்டிக்குள் கருப்பு வெள்ளைப் புள்ளிகளாக இருக்கும்.

கருப்பு வெள்ளை என்பதைக் கவனிக்க வேண்டும். கலர் பிலிமில் படத்தைத் தாங்குவது சாயம், அது வெளுக்கும். கறுப்பு வெள்ளைப் பிலிமில் தாங்குவது வெள்ளித் துகள். அடித்தளமும் காடியாகிப் போகிற அசிட்டேட் அல்ல, பாலியெஸ்டர். உறைகுளிரில், இருட்டில், வறண்ட காற்றில் வைத்தால் ஆயிரம் வருடம் தாங்கும் என்கிறார்கள். ஆயிரம் வருடம் யாரும் வைத்துப் பார்த்ததில்லை. சூடேற்றி, ஈரப்படுத்தி, விரைவாக மூப்படையச் செய்து சோதித்துச் சொல்லும் கணக்கு அது. குளிரையும் ஒரேயடியாக நம்பிவிட முடியாது. விதைக் களஞ்சியத்தின் நுழைவுச் சுரங்கப் பாதைக்குள்ளேயே பனி உருகிய தண்ணீர் புகுந்து, செப்பனிட வேண்டி வந்தது.

குறைகளும் உண்டு. ஒருமுறை எழுதினால் திருத்த முடியாது. எழுதுவதும் படிப்பதும் மெதுவாகத்தான். 186 சுருளில் இருப்பதை இன்று கைக்கு அடக்கமான ஒரே ஹார்ட் டிஸ்கில் போட்டுவிடலாம். ஆனால் அந்த டிஸ்க் ஐந்தோ பத்தோ வருடத்தில் உயிரை விடும்; வங்கிகளும் ஆய்வுக்கூடங்களும் நம்பியிருக்கும் எல்.டி.ஓ. காந்த நாடாவிலும், புதிய தலைமுறைக் கருவி அதிகபட்சம் ஒன்றிரண்டு தலைமுறைக்கு முந்தைய நாடாவைத்தான் படிக்கும். அதாவது சில வருடத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் புதியதற்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு தலைமுறை அலட்சியமாக இருந்துவிட்டால் சங்கிலி அறுந்தது. தினசரி வேலைக்கு டிஸ்க்தான். மறந்துபோய் விட்டுவிட்டாலும் பிழைத்திருக்க வேண்டியவற்றுக்குப் பிலிம்.

டி.டி.எஸ்.ஸில் நாம் கோட்டைவிட்ட இடத்தை அங்கே கவனமாக அடைத்திருக்கிறார்கள். புள்ளிகளை எப்படிப் படிக்க வேண்டும் என்ற வழிகாட்டியும், எதில் என்ன இருக்கிறது என்ற பட்டியலும் பிலிமிலேயே, பூதக்கண்ணாடி வைத்துக் கண்ணால் வாசிக்கும்படி எழுத்தாகவே இருக்கின்றன. நாளை அந்தப் படிக்கும் கருவி அழிந்துபோனாலும், ஒரு கேமராவும் பொறுமையும் உள்ளவர் புதிதாக ஒன்றைச் செய்துகொள்ளலாம். கிட்ஹப் சுருள்களுக்கான வழிகாட்டி 5 மொழிகளில் எழுதப்பட்டது: ஆங்கிலம், அரபி, சீனம், இந்தி, ஸ்பானிஷ். தமிழ் இல்லை.

கல்லும் காகிதமும்

தருமபுரி மாவட்டத்தில் ஆநிரை மீட்கப் போய்ச் செத்த வீரர்களுக்கு நட்ட நடுகற்கள் ஏராளம். 1,400 வருடத்துக்கு முந்தியவை சில, மேய்ச்சல் நிலத்திலும் வயல் வரப்பிலும் வெயிலில் நின்றபடியே இருந்திருக்கின்றன. எந்த அரசன் காலம், எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய சேவகன், எந்த ஊர் மாட்டுக்காகச் செத்தான் என்பதை நாலைந்து வரியில் சொல்லிவிடும். கல் கெடவில்லை, எழுத்தும் பெரும்பாலும் கெடவில்லை. வட்டெழுத்தைப் படிக்கத் தெரிந்த ஆட்கள்தான் இடையில் இல்லாமல் போனார்கள். ஊர்க்காரர்களுக்கு அது ‘வேடியப்பன்’ சாமியாகிவிட்டது. கும்பிட்டார்கள், அதனால் பிழைத்தது. என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் தெரியாது. 1970-களில் இரா. நாகசாமி தலைமையில் தமிழ்நாடு தொல்லியல் துறை செங்கம், தருமபுரி வட்டாரங்களில் இறங்கித் தேடி, மைப்படி எடுத்து, நூல்களாக அச்சிட்ட பிறகுதான் அந்தத் தகவல் மறுபடி தகவலானது.

காகிதத்திலும் இந்த ஊருக்கு ஒரு பெரிய கணக்கு உண்டு. 1792 ஸ்ரீரங்கப்பட்டினம் உடன்படிக்கையில் திப்புவிடமிருந்து, தருமபுரியும் அடங்கிய பாராமகால் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்ததும், அலெக்சாண்டர் ரீடும் அவர் உதவியாளர்களும் ஊர் ஊராக நிலம் அளந்தார்கள். அந்த உதவியாளர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. 1799 வரை இந்தப் பகுதியில், தருமபுரியில் தங்கி வேலை பார்த்தவர். எந்த நிலம், யார் உழுகிறார், என்ன விளையும், எவ்வளவு தீர்வை என்று எழுதிக் குவித்ததில் பிறந்ததுதான் ரயத்துவாரி முறை. அந்தக் கடிதங்களும் அறிக்கைகளும் ‘பாராமகால் ரெக்கார்ட்ஸ்’ என்று பின்னாளில் சென்னையில் அச்சாயின. 230 வருடத்துக்கு முந்தைய அந்தக் கணக்கை இன்று கையில் எடுத்துப் படிக்கலாம். இன்று பட்டாவும் புலப்படமும் கணினிக்குள் இருக்கின்றன. எடுத்துப் பார்க்க வசதி, மறுக்கவில்லை. இன்னும் 230 வருடம் கழித்து?

பிலிமில் ஆவணம் சேர்ப்பது தமிழுக்குப் புதிதும் அல்ல. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் வீடு நிறையச் சேர்த்துவைத்த நூல்களையும் இதழ்களையும் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, 1994-இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாகத் திறந்தபோது, முதல் வேலையாக எடுத்துக்கொண்டது மைக்ரோஃபிலிம் எடுப்பதைத்தான். காகிதம் பொடியாகிக்கொண்டிருந்த புத்தகங்கள் பக்கம் பக்கமாகச் சின்னப் படங்களாகப் பிலிமில் ஏறின. பிலிம் செய்யும் தொழிற்சாலைகூட நம்மிடம் இருந்தது. 1960-இல் ஊட்டியில் தொடங்கிய பொதுத்துறை நிறுவனம் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ். ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளைப் பிலிமும் எக்ஸ்ரே பிலிமும் செய்தது. நஷ்டத்தில் மூழ்கி அது மூடப்பட்டபோது கண்ணீர் விட்டவர்கள் அதன் தொழிலாளர்கள் மட்டும்தான். இனி தமிழ் ஆவணத்தைப் பிலிமில் ஏற்ற வேண்டுமென்றால் சுருளை வெளிநாட்டிலிருந்துதான் வாங்க வேண்டும்.

எவ்வளவு வாங்க வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு. கணினியில் ஒரு தமிழ் எழுத்துக்குறிக்கு 3 பைட் ஆகும்; ‘கி’ என்றால் உயிர்மெய்க் குறியோடு சேர்த்து 6. முந்நூறு பக்கப் புத்தகம் ஒன்றின் எழுத்து மட்டும் தோராயமாக ஒன்றரை எம்.பி. ஒரு சுருளில் அப்படி 80,000 புத்தகங்கள் அடங்கும். படங்கள்தான் இடத்தைத் தின்னும். ஆகவே ஒரு மாவட்டத்துக்கு ஒரு சுருள் என்பது பேராசை இல்லை. தருமபுரிச் சுருள் என்று ஒன்று வந்தால் என் பட்டியலில் முதலில் நடுகற்களின் மைப்படிகள், பிறகு மாவட்டத்தின் புலப்படங்கள் முழுவதும், பிறகு பாராமகால் ஆவணங்கள். தொடக்க ஃபிரேம்களில், இந்தப் புள்ளிகளை எப்படிப் படிப்பது என்ற வழிகாட்டி, தமிழில், கண்ணால் பார்த்து வாசிக்கும் அளவில்.

சுருளை எந்தச் சுரங்கத்துக்கும் அனுப்புவதற்கு முன்னால், அதன் முதல் பத்தடியைப் பென்னாகரம் அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண்ணிடம் ஒரு லென்ஸோடும் ஒரு சாதாரண போனோடும் கொடுத்து, யார் உதவியும் இல்லாமல் உள்ளே இருப்பதை எடுத்துக்காட்டச் சொல்ல வேண்டும். அவளால் முடியாவிட்டால் வழிகாட்டியைத் திருத்தி எழுதிவிட்டு, மறுபடி அவளிடமே கொடுக்க வேண்டும்.